பண்ணாடி வீட்டு ஜமக்காளத்தில் ஏழு சொட்டு

"நெலாவுல ஒரு கறை இருக்குதல்லோ, அதைச் சுருட்டிக் கட்டி என்ற பாறைக்குக் கொண்டாங்க. மூணாம் நாள் வெள்ளை வெளேர்னு திருப்பி அனுப்பறேன். என்ற கைக்குப் போகாத கறை இனிமேத்தான் பொறக்கோணும்!"

1971ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில், பொள்ளாச்சி பஸ் கிளம்ப எட்டு நிமிடம் இருந்தபோது இந்தப் பிரகடனம் வெளியிடப்பட்டது. வெளியிட்டவள் பழனாத்தாள், வயது நாற்பத்தெட்டு, தொழில் ஜமக்காளம் துவைப்பது. நிலாவின் தரப்பிலிருந்து இன்றுவரை மறுப்பு எதுவும் வரவில்லை.

பிரகடனத்துக்குக் காரணமாக இருந்தவர் கோயமுத்தூரிலிருந்து சோப்புத்தூள் விற்க வந்த ஒருவர். அவர் ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் மையைக் கொட்டினார், தூள் கரைத்த தண்ணீரில் முக்கினார், எடுத்து உதறினார். மை போய்விட்டது. கூட்டம் கைதட்டியது. பழனாத்தாள் தட்டவில்லை.

"ஏனுங்க, கைக்குட்டை சரியுங்க. பதினெட்டு முழம் ஜமக்காளம். நடுவால வெத்தலை எச்சி, ஓரத்துல எருமை நெய்யி. செவப்புச் சாயம் பச்சைக்குள்ள ஓடப்படாது. முடியுமுங்களா?"

"ரெண்டு பாக்கெட் வாங்கிக்குங்கம்மா" என்றார் அவர்.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கிளம்பியதுதான் நிலா. எதிரே டீக்கடை வைத்திருந்த குப்பண்ணன் அதை ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு, அன்றிலிருந்து டீ குடிக்க வந்த ஒவ்வொருவருக்கும் டீயோடு சேர்த்துக் கொடுத்துவந்தார். அதனால் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் பழனாத்தாளைப் பார்க்காதவர்கள்கூட அவளுடைய வாக்கை அறிந்திருந்தார்கள். அந்த வாக்கு நின்றதா விழுந்ததா என்று விசாரிப்பதே இந்த வரலாற்றின் நோக்கம். விசாரணை பாரபட்சமின்றி நடத்தப்படும்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். ஜமக்காளம் என்பது ஒரு துணி என்று நினைப்பவர்கள் அதன்மேல் உட்கார்ந்தவர்கள் மட்டுமே. துவைப்பவர்களுக்கு அது ஒரு வீட்டின் ஜாதகம். யார் வந்தார்கள், என்ன தின்றார்கள், எங்கே துப்பினார்கள் எல்லாம் அதில் எழுதியிருக்கும். அரசியல் கூட்டத்துக்கு இரவல் போய்வந்த ஜமக்காளத்தைப் பழனாத்தாள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பிரிப்பாள்.

அவளிடம் வந்த ஜமக்காளம் உடனே தண்ணீரைக் காணாது. முதலில் கயிற்றில் தொங்கும். புளிய விளாரால் அடி விழும், அதுவும் பின்பக்கத்தில். "முன்னால அடிச்சா அழுக்கு உள்ள போயி ஒளிஞ்சுக்கும். பின்னால அடிச்சாத்தான் வெளிய வரும். ஆம்பளைகளுக்கும் அப்படித்தான்" என்பது அவள் கருத்து. பிறகு ஒரு மூலையை மட்டும் உப்புத் தண்ணீரில் நனைத்துச் சாயம் அழுது ஓடுகிறதா என்று பார்ப்பாள். அழாவிட்டால் வாய்க்கால். வெற்றிலைக்குப் புளித்த மோர், நெய்க்குக் கடலை மாவு, துருவுக்கு எலுமிச்சையும் உப்பும், மைக்குப் பால். கடைசியில் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பூந்திக்கொட்டை நுரை. முறுக்கிப் பிழிவது கூடாது. வாய்க்கால் ஓரத்துச் சாய்ந்த பாறையில் குப்புறப் போட்டால் தண்ணீர் தானாக வடியும். காய்ந்த பின் மூங்கில் கழியில் நொச்சி இலை வைத்துச் சுருட்டுவாள். மடிப்பது மகாபாவம், மடித்த இடத்தில் நூல் ஒடியும். மேக்காலக் களத்துப் பண்ணாடிச்சி கமலாத்தாள் ஒருமுறை அவசரத்தில் ஜமக்காளத்தை நான்காக மடித்துப் பரணில் போட்டுவிட்டார். பழனாத்தாள் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. பண்ணாடிச்சியைத் தள்ளிவைத்த கூலிக்காரி அந்த ஜில்லாவில் வேறு யாரும் இருந்ததாகத் தகவல் இல்லை.

மேக்காலக் களம் என்பது நிலக்காரர் சின்னையன் பண்ணாடியின் அறுபது ஏக்கர் பண்ணை. அதன் ஓரத்தில், வாய்க்காலுக்கும் அந்தச் சாய்ந்த பாறைக்கும் நடுவில், பனையோலைக் கூரை போட்ட ஒரு குடிசை; அங்கே அதைச் சாளை என்பார்கள். 1955இல் பழனாத்தாளும் அவள் புருஷனும் அதில் குடிவந்தார்கள். புருஷன் பண்ணைக்குத் தண்ணீர் பாய்ச்சினான். ஆறு வருடத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அவள் போகவில்லை. அங்கேயே அடுப்பு மூட்டினாள், அங்கேயே துவைத்தாள். பண்ணாடி வீட்டுப் பதினெட்டு முழப் பவானி ஜமக்காளம் வருடத்துக்கு மூன்று தடவை அவள் பாறைக்கு வந்துபோனது. அதன் சிவப்பும் பச்சையும் கறுப்பும் அவளுக்குக் கைரேகை மாதிரி. அதன்மேல் அவள் உட்கார்ந்தது கிடையாது. உட்காரச் சொன்னவரும் கிடையாது.

இப்படி இருக்கையில் கேரளத்தில் குடிகிடப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டு வருடக்கணக்காக வாழ்பவர்கள், குடிசையோடு பத்து செண்ட் நிலத்தைத் தங்கள் பேருக்கே எழுதி வாங்கலாம் என்று குப்பண்ணன் பேப்பரைப் பார்த்துப் படித்தார். பழனாத்தாள் டீயைக் கீழே வைத்தாள்.

"மறுக்காப் படி."

மறுபடி படித்தார். அடுத்த வாரம் அவள் சித்தூருக்கு பஸ் ஏறி மனு கொடுத்துவிட்டு வந்தாள். அது 1974ஆம் ஆண்டு ஆவணி மாதம்.

சின்னையன் பண்ணாடி நல்ல மனிதர். கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர், மாட்டை அடிக்காதவர். அவருடைய அறுபது ஏக்கரில் பத்து செண்ட் என்பது அவருடைய ஜமக்காளத்தில் ஒரு வெற்றிலைத் துப்பல் அளவுகூட வராது. ஆனால் துப்பியது யார் என்பதுதான் கேள்வி. பாறைக்கே நடந்து வந்தார்.

"ஏம் பழனாத்தா, மனுவெல்லாம் எதுக்கு? சாகற மட்டும் இருந்துக்க. ஆரு வேண்டாங்கறா?"

"சாகற மட்டும் இருக்கறதுக்கு ஆசுபத்திரி இருக்குதுங்க பண்ணாடி. எனக்கு ஊடு வேணுமுங்க."

"அப்ப நான் இருக்க உட்டது தப்பாப் போச்சு."

"நான் இருந்ததுதானுங்க கணக்கு. நீங்க உட்டதை ஆரு பாத்தா?"

பண்ணாடி திரும்பிப் போனார். மாட்டை அடிக்காத அவர் அன்று வழியிலிருந்த ஒரு வேலிக்கம்பை உதைத்ததாகச் சொல்கிறார்கள்.

ஐப்பசியில் பண்ணாடியின் பெரிய வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. ஜமக்காளம் வழக்கம்போல் பழனாத்தாளிடம் வந்தது. வந்த அன்றே அடைமழை பிடித்தது; மூன்று நாள் விடவில்லை. சாளையின் கூரை ஒழுகியது. அதை வேயச் சொல்லி அவள் மூன்று வருடமாகக் கேட்டு வந்தாள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம். பத்தொன்பது வருடம் அடியில் அடுப்பு எரிந்த கூரையில் தண்ணீர் இறங்கினால் அது தண்ணீராக இறங்காது. ஓலைக்குள் உறைந்திருந்த புகைக்கரியெல்லாம் கரைந்து, கருப்பட்டிப் பாகு மாதிரி, ஒரு கூரை மூங்கிலின் நீளத்துக்கு வரிசையாகச் சொட்டியது. சுருட்டி வைத்திருந்த ஜமக்காளத்தின் வெளிச்சுற்றில் ஏழு சொட்டு. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

மழை விட்டதும் பண்ணாடி வந்து பார்த்தார். குதித்தார்.

"அடிப் பாவி! பத்தொம்பது வருசத்து அடுப்புப் புகையையும் எம்பட ஜமக்காளத்து மேலதான் எறக்கோணுமா?"

"மேஞ்சு குடுத்திருந்தா எறங்கியிருக்காதுங்க."

"இது போகுமா, போகாதா?"

"நெலாக் கறையே போகுமுங்க. இப்ப நனைச்சாப் பூஞ்சணம் புடிக்கும். தை வெயில் வரட்டும், பாத்துக்கலாமுங்க."

பண்ணாடி வாயிலிருந்து வந்த அந்தப் பத்தொன்பது வருடத்துக்குச் சாட்சியாக அங்கே நின்றவை இரண்டு எருதுகள். சட்டம் எருதுகளின் வாக்குமூலத்தை ஏற்பதில்லை.

கார்த்திகையில் காகிதம் வந்தது. தை மாதம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து, மனுதாரர் அந்தக் குடிசையில் உண்மையாகவே வெகுகாலம் வசித்தாரா என்று பார்ப்பார். மார்கழியில் வண்ணாமடையில் பழனாத்தாளின் அண்ணன் மகளுக்குச் சீர். அவள் இரண்டு நாள் போய்விட்டு வந்தாள். வந்தவள் தன் சாளையைத் தேடினாள்.

சாளை அங்கேதான் இருந்தது, ஆனால் அது அவளுடைய சாளை இல்லை. கூரையில் பொன்னிறத்தில் புத்தோலை. சுவரில் புது மண் பூசிச் சுண்ணாம்பு அடித்திருந்தது. அடுப்பைத் தோண்டி எடுத்து, அந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகியிருந்தார்கள். அவளுடைய சட்டிபானைகள் வேப்பமரத்தடியில் கிடந்தன. ஜமக்காளத்தை மட்டும் நான்கு ஆட்கள் தலைமேல் சுமந்து பெரிய வீட்டுக்குப் பத்திரமாகக் கொண்டுபோயிருந்தார்கள்.

பண்ணாடி புன்னகையோடு நின்றார்.

"ஒழுகுதுன்னியே, மேஞ்சு போட்டேன்."

"அடுப்பு எங்கீங்க?"

"ஜமக்காளம் வெக்கற சாளைக்கு அடுப்பெதுக்கு புள்ள? தீப்புடிச்சா ஆரு பதில் சொல்றது?"

பழனாத்தாள் கூரையை ஏறிட்டுப் பார்த்தாள். அதில் ஒரு துளி கரி இல்லை. பத்தொன்பது வருடச் சோறு, குழம்பு, கஞ்சி, வெந்நீர் எல்லாவற்றின் புகையையும் இரண்டே நாளில் துடைத்தெடுத்திருந்தார்கள். கறை எடுப்பதில் அவளுக்கு ஒரு போட்டியாளர் கிளம்பியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"கூரையைப் புதுசாக்கிட்டீங்க. நான் பழசாவே இருந்துக்கறனுங்க" என்றாள். அன்று சாயங்காலமே மூன்று கல் வைத்து, அதே இடத்தில் கஞ்சி காய்ச்சினாள். பண்ணாடியின் காளைகளுக்கும் தெரியும்படி புகை போட்டாள்.

ஆனால் பதினைந்து நாள் அடுப்பு எதை நிரூபிக்கும்? ரேஷன் கார்டில் அவள் பேர் வண்ணாமடை அண்ணன் வீட்டில் இருந்தது. அந்தக் காலத்தில் பண்ணாடியே அப்படி எழுதச் சொன்னார். பண்ணையாட்கள் எல்லோருக்கும் உண்மை தெரியும். எல்லோருக்கும் மறுநாள் வேலையும் வேண்டும். பண்ணாடியின் கட்சி எளிமையானது. பழனாத்தாள் வண்ணாமடைக்காரி, அந்தச் சாளை வீட்டு ஜமக்காளம் உலர்த்தி வைக்கிற இடம், பகலில் வருவாள், துவைப்பாள், போவாள். அவள் கையில் மறுப்புக்கு ஒரு காகிதத் துண்டுகூட இல்லை.

தை பிறந்தது. வண்டியில் ஜமக்காளம் வந்து இறங்கியது. கூடவே கமலாத்தாள் பண்ணாடிச்சியும் வந்தார்.

"ஆபீசர் வர்ற அன்னிக்கு முத்தத்துல விரிக்கோணும் பழனாத்தா. ஒரு சொட்டுக் கறை இருக்கப்படாது. சொந்தபந்தம், ஒறம்பரை கிட்டயெல்லாம் உன்ற கையைப் பத்திச் சொல்லி வெச்சிருக்கறேன்."

"சரிங்க பண்ணாடிச்சி."

அவள் பாறையில் பிரித்துப் போட்டாள். புகைக்கரிக்கு முதலில் தண்ணீர் ஆகாது, தேய்த்தால் பரவிவிடும். முதல் சொட்டின்மேல் உலர்ந்த அரிசித் தவிட்டைக் கொட்டி உள்ளங்கையால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். தவிடு கறுத்தது. புதுத் தவிடு. அதுவும் கறுத்தது. பிறகு பூந்திக்கொட்டை நுரையை விரல் நுனியால் வைத்து, ஈரத் துணியால் ஒற்றினாள். அரை மணி நேரத்தில் அந்த இடம் பவானித் தறியிலிருந்து அன்றுதான் இறங்கிய மாதிரி சிவந்து கிடந்தது.

இன்ஸ்பெக்டர் வரும் தேதியைச் சொல்ல வந்த குப்பண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போயே போச்சு! அக்கா, நெலாவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

பழனாத்தாள் தவிடு ஒட்டிய கையை உதறினாள். கறை இருந்த இடத்தையே பார்த்தாள். பிறகு சாளையின் புதுக் கூரையைப் பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த ஆறு சொட்டையும் ஒன்று, இரண்டு என்று விரலால் தொட்டுக்கொண்டே போனாள். பத்தொன்பது வருடத்தில் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

எழுந்து, அளக்கும் படியில் மிச்சமிருந்த தவிட்டைக் கோழிகளுக்குக் கொட்டினாள்.

"ஏனக்கா, மிச்சம் ஆறு?"

"உன்ற கடையில பால் பொங்குது. போ."

ஜமக்காளத்தின் மற்ற இடத்தையெல்லாம் அவள் அலசினாள், குப்புறக் காயவைத்தாள், நொச்சி இலை வைத்துச் சுருட்டினாள். இந்தத் தடவை மட்டும் ஆறு சொட்டும் உள்ளே இருக்கும்படி சுருட்டினாள். இன்ஸ்பெக்டர் வரும் அன்று காலையில், பஸ் வருகிற நேரம் பார்த்துப் பெரிய வீட்டில் இறக்கினாள். பண்ணாடி பிரித்துப் பார்க்கவில்லை. பழனாத்தாளின் வாக்கை உலகத்தில் முழுமையாக நம்பிய ஒரே மனிதர் அவர்தான் என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வெங்கிடாசலம் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். குடை, தோல்பை, வெயிலுக்குச் சுருங்கிய முகம். முற்றத்தில் ஜமக்காளத்தை அவசரமாக உருட்டி விரித்து, அதன் கோடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார், இளநீர் குடித்தார், சாளையைப் பார்க்கப் போனார். மூன்று கல்லையும் கொஞ்சம் சாம்பலையும் குனிந்து பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"அடுப்பு புதுசு. கூரை புதுசு. சுவர் புதுசு. ரேஷன் கார்டு வண்ணாமடைல இருக்கு" என்றார். "இந்தம்மா இங்கே வெகுகாலம் வாசம் பண்ணினதுக்கு லட்சணம் ஒண்ணும் காணலியே."

"அதைத்தானுங்க நானும் சொன்னேன்" என்றார் பண்ணாடி.

பழனாத்தாள் ஜமக்காளத்தின் ஓரத்தில், மண்தரையில் நின்றிருந்தாள். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார், எழுதக் குனிந்தார், குனிந்த கண் தன் காலடியில் நின்றது.

"இது எந்தாக்கும்? கறுப்பா, வரிசையா?" விரலால் தடவி முகர்ந்து பார்த்தார். "கரிஜலம்னா இது! எங்காத்து அடுக்களைல ஓடு விட்டுப்போய் மழை பெய்ஞ்சா இதே நெறத்துலதான் சொட்டும். அம்மா வெச்ச பாத்திரமெல்லாம் பாழ்." அவருக்கு இந்த விஷயத்தில் உண்மையான அனுதாபம் இருந்தது. பண்ணாடி பக்கம் திரும்பினார். "உங்காத்துக் கூரையும் ஒழுகறதோ?"

இங்கே சின்னையன் பண்ணாடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வீடு 1962இல் மங்களூர் ஓடு போட்டது. ஓட்டை லாரியில் ஏற்றிவந்து, பாலக்காட்டிலிருந்து ஆள் வரவழைத்து வேய்ந்தார். அதற்கு முன்பும் பின்பும் அந்தச் சுற்று வட்டாரத்தில் அப்படி ஒரு கூரை இல்லை. பத்து செண்ட் போவதைக்கூட அவர் ஒருவேளை தாங்கியிருப்பார்.

"எம்பட ஊடு ஒழுகுதுங்களா?" அவர் குரல் முற்றத்தைத் தாண்டிப் போயிற்று. "மங்களூர் ஓடுங்க! போட்ட நாள்ல இருந்து ஒரு சொட்டு உள்ள எறங்குனதில்லீங்க! இது எங்க ஊட்டுக் கரியில்லீங்க, இந்தப் பழனாத்தா சாளையில ஒழுகுனதுங்க! பத்தொம்பது வருசமா அவ அடுப்பெரிச்ச புகை..."

நிறுத்தினார். உள்ளே கமலாத்தாள் கையிலிருந்து ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

"எத்தனை வருஷம்னேள்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பண்ணாடி தன் மங்களூர் ஓட்டை அண்ணாந்து பார்த்தார்.

"பத்தொன்பதுன்னே எழுதிக்கறேன். கூரை எப்போ மாத்தினேள்னும் சொல்லிடுங்கோ, அதையும் சேர்த்துக்கலாம்."

பத்து செண்டும் அந்தப் பாறையின் பாதியும் பழனாத்தாளின் பேருக்கு வந்ததும், அடுத்த சித்திரையில் நான்கு மூலையில் கல் நட்டதும், பண்ணாடி மூன்று மாதம் அந்த வாய்க்கால் வழியே நடக்காமல் சுற்றிப் போனதும் சர்க்கார் கோப்பில் இருப்பவை. நம் விசாரணை அதைப் பற்றியது அல்ல. நமக்கு வேண்டியது அன்று மத்தியானம் இன்ஸ்பெக்டர் தோல்பையை மூடிக்கொண்டு எழுந்தபோது நடந்த ஒன்று.

அவர் செருப்பைத் தேடிக்கொண்டே பழனாத்தாளைப் பார்த்தார்.

"பஸ்ஸை விட்டு இறங்கினதும் டீக்கடைக்காரர் சொன்னார், உங்க கைக்குப் போகாத கறையே லோகத்துல கிடையாதாமே. நிலாவைப் பத்திக்கூட ஏதோ சொன்னார். இந்த ஆறு மட்டும் எப்படி நின்னுது?"

பண்ணாடியும் அவளைப் பார்த்தார். வாசலில் பண்ணாடிச்சியும், வேலிக்கு அப்பால் பண்ணையாட்களும் பார்த்தார்கள். நிலாவுக்கே சவால் விட்ட வாய் என்ன சொல்லப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

பழனாத்தாள் ஜமக்காளத்தின் மேல் ஏறி வந்து மண்டியிட்டாள். சுருங்கியிருந்த கரையை இழுத்து நேராக்கினாள். ஆறு சொட்டுக்கும் பக்கத்தில், முதல் சொட்டு இருந்த இடம் கழுவிய செம்பருத்தி மாதிரி பளிச்சென்று இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"என்ற கைக்குப் போகலீங்க" என்றாள்.